டி. வி. சுந்தரம் ஐயங்கார்

திருக்குறுங்குடி வெங்காரம் சுந்தரம் ஐயங்கார் (மார்ச் 22, 1877 - ஏப்ரல் 28, 1955) தமிழ்நாட்டைச் சேர்ந்த தொழில் முனைவர் ஆவார். தென்னிந்தியாவில் தானுந்துப் போக்குவரத்துத் தொழிலுக்கு அடித்தளம் இட்டவர்களுள் இவர் முதன்மையானவர். திருநெல்வேலி மாவட்டத்தில் பிறந்த இவர், மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு 1911 இல் டி. வி. சுந்தரம் ஐயங்கார் அண்டு சன்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். இவருடைய பெயரின் ஆங்கில முதலெழுத்துகளே டி. வி. எஸ். என்னும் வணிகப் பெயராக நிலைபெற்றன. நேரந்தவறாமை, கணக்கு நேர்மை, வாகனப் பராமரிப்பு, தொழிலாளர் நலன் ஆகியவற்றை நிறுவனத்தின் அன்றாட வழக்கமாக்கியவர் என்னும் வகையில், நிறுவனத் தலைமைக்கும் தொழில் அறத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்வோருக்கு இவருடைய வாழ்க்கை ஒரு முக்கியமான எடுத்துக்காட்டாகும்.

பிறப்பும் பின்புலமும்

சுந்தரம் ஐயங்கார் பிறந்த திருக்குறுங்குடி, மேற்குத் தொடர்ச்சி மலையில் மகேந்திரகிரியின் அடிவாரத்தில் அமைந்த ஊர். 108 வைணவத் திவ்விய தேசங்களுள் ஒன்றான நம்பி கோயில் இங்கு உள்ளது. இவ்வூரை வளப்படுத்துவது தாமிரபரணி அன்று. அதற்குத் தெற்கே மலையில் தோன்றித் தனியே கடலில் கலக்கும் நம்பியாறு ஆகும். எனினும் நிருவாகம், கல்வி, வணிகம் ஆகிய எல்லாவற்றுக்கும் இவ்வூர் மக்கள் தாமிரபரணிக் கரையிலுள்ள திருநெல்வேலியையே நாடினர்.

இவர் வளர்ந்த காலத்தில் திருநெல்வேலி மாவட்டத்தில் புதிய தொழில்கள் தோன்றிக் கொண்டிருந்தன. 1870களில் சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குத் தொடர்வண்டிப் பாதை வந்தது. 1880களில் தாமிரபரணியின் நீர்விசையைப் பயன்படுத்திப் பாபநாசம் மலையடியில், விக்கிரமசிங்கபுரத்தில், ஆர்வி சகோதரர்களின் நூற்பாலை எழுந்தது. 1906 இல் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனத்தை ஏற்படுத்தினார். 1908 இல் அதே ஊரின் கோரல் நூற்பாலைத் தொழிலாளர்கள் ஊதிய உயர்வும் வார விடுமுறையும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். வ. உ. சி.யும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்கு வழிகாட்டினர்.

ஆகவே ஒரு பெரிய நிறுவனம் தன்னிடம் உழைப்போரை எவ்வாறு நடத்த வேண்டும் என்னும் வினா, சுந்தரம் ஐயங்கார் தொழில் தொடங்குவதற்கு முன்னரே அவருடைய மாவட்டத்தில் வெளிப்படையாக எழுந்திருந்தது. அவர் வ. உ. சி.யைப் போல அரசியல் வழியில் செல்லவில்லை. ஆனால் இந்தியர் நடத்தும் நிறுவனம் ஐரோப்பியர் நிறுவனத்துக்கு ஒழுங்கில் குறைந்ததன்று என்பதை அவர் வேறொரு துறையில் காட்டினார் எனலாம்.

முதல் வேலைகள்

இவர் முதலில் வழக்குரைஞராகப் பணியாற்றினார். பின்னர் தொடர்வண்டித் துறையிலும், அதன்பின் வங்கி ஒன்றிலும் வேலை பார்த்தார். அக்காலத்தில் கற்ற பிராமணக் குடும்பங்களில் அரசுப் பணியும் வழக்குரைஞர் தொழிலும் உயர்வாகக் கருதப்பட்டன. இயந்திரங்களோடும் எண்ணெய் அழுக்கோடும் தொடர்புடைய தொழிலுக்கு அத்தகைய மதிப்பு இல்லை. நிலையான ஊதியத்தை விட்டு விலகிப் பேருந்துத் தொழிலில் இறங்கியது சமூக வழக்கத்துக்கும் மாறான ஒரு முடிவாகும்.

இம்மூன்று வேலைகளும் பின்னாளில் இவருக்குப் பயன்பட்டிருக்கக் கூடியவையே. ஒப்பந்தத்தின் பொருளைச் சட்டம் கற்பிக்கும். கால அட்டவணையின் பொருளைத் தொடர்வண்டி கற்பிக்கும். பிறர் பணத்துக்குக் கணக்குக் காட்டும் கடமையை வங்கி கற்பிக்கும். இவருடைய நிறுவனத்தில் இம்மூன்று இயல்புகளும் சேர்ந்தே காணப்பட்டன.

பேருந்துத் தொழில்

சுந்தரம் ஐயங்கார் 1912 இல் மதுரையில் பேருந்துச் சேவையைத் தொடங்கினார். தொடர்வண்டி நிலையங்களுக்கு அப்பாலுள்ள சிற்றூர்கள் அப்போது மாட்டு வண்டியையே நம்பியிருந்தன. சந்தைக்குப் போகும் வணிகர், வழக்குக்காக நகரம் செல்லும் உழவர், மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்படும் நோயாளி ஆகிய அனைவருக்கும் ஒரு நாள் பயணம் சில மணி நேரப் பயணமாகச் சுருங்கியது.

நிறுவனம் பின்னர் பேருந்துகளையும் சரக்குந்துகளையும் சதர்ன் ரோடுவேஸ் என்னும் பெயரில் இயக்கியது. சென்னையில் மெட்ராஸ் ஆட்டோ சர்வீஸ், சுந்தரம் மோட்டார்ஸ் ஆகிய நிறுவனங்கள் தோன்றின. சுந்தரம் மோட்டார்ஸ் 1950களில் ஜெனரல் மோட்டார்ஸ் வாகனங்களின் மிகப்பெரிய விற்பனையாளர்களுள் ஒன்றாக விளங்கியது. சென்னை அண்ணா சாலையில் உள்ள ஒரு பேருந்து நிறுத்தம் இன்றும் டி. வி. எஸ். என்றே வழங்கப்படுகிறது.

நிறுவன ஒழுங்கு

பேருந்துத் தொழிலில் உரிமையாளர் தம் பணியாளர்களை நேரில் கண்காணிக்க இயலாது. ஆலை ஒன்றில் மேற்பார்வையாளர் எல்லாரையும் ஒரே கூரையின் கீழ் காணலாம். பேருந்தோ காலையில் பணிமனையை விட்டுப் புறப்பட்டால் இரவில்தான் திரும்பும். இடையில் ஓட்டுநர் எவ்வளவு வேகத்தில் ஓட்டினார், நடத்துநர் எத்தனை பேரை ஏற்றினார், எத்தனை பேரிடம் பணம் வாங்கிச் சீட்டுக் கொடுத்தார் என்பவற்றை உரிமையாளர் அறிய முடியாது. எனவே இத்தொழிலில் நேர்மை என்பது கண்காணிப்பினால் மட்டும் வருவதன்று. பணியாளர்கள் தாமே ஏற்றுக்கொண்ட பழக்கமாக அது இருத்தல் வேண்டும்.

1920களிலும் 1930களிலும் ஒன்றிரண்டு பேருந்துகளை மட்டும் வைத்திருந்த சிறு உரிமையாளர்கள் பலர் இத்தொழிலில் இருந்தனர். ஒரே வழித்தடத்தில் பலர் போட்டியிட்டதால், முன்னால் செல்லும் பேருந்தை முந்திப் பயணிகளை ஏற்றுவது, வண்டி நிறையும் வரை புறப்படாமல் காத்திருப்பது, அளவுக்கு மீறி ஆட்களை அடைப்பது, பழுதுபார்க்காமல் ஓட்டுவது ஆகியன பரவலாக இருந்தன. இதனை ஒழுங்குபடுத்தவே 1939 இல் மோட்டார் வாகனச் சட்டம் வந்தது. வழித்தட அனுமதி முறையை அச்சட்டம் விரிவாக வகுத்தது. ஓட்டுநரின் வேலை நேரத்தையும் நாளொன்றுக்கு 9 மணி, வாரத்துக்கு 54 மணி என வரையறுத்தது.

டி. வி. எஸ். பேருந்துகள் இப்போக்குக்கு மாறாக நடந்தமையால் பெயர் பெற்றன. பின்வருவன அவற்றின் சிறப்புகளாகக் கருதப்பட்டவை:

- குறித்த நேரத்தில் புறப்படுதல். பயணிகள் குறைவாக இருந்தாலும் வண்டி புறப்பட்டுவிடும். டி. வி. எஸ். பேருந்து வருவதைப் பார்த்துக் கடிகாரத்தைச் சரிசெய்து கொள்ளலாம் என்னும் பேச்சு மதுரை வட்டாரத்தில் நிலைத்துவிட்டது.
- இருக்கைகளின் அளவுக்கே பயணிகளை ஏற்றுதல்.
- ஒவ்வொரு பயணிக்கும் முறையான பயணச்சீட்டு வழங்குதல்.
- வாகனங்களைப் பழுதாகும் முன்பே பராமரித்தல். மாடுகளின் குளம்பிலிருந்து விழும் லாட ஆணிகள் சக்கரங்களைத் துளைக்காதிருக்க, காந்தம் பொருத்திய வண்டியைக் கொண்டு நிறுவனம் சாலையிலுள்ள ஆணிகளை அகற்றியதாகவும் ஒரு செய்தி வழங்குகிறது.

இவற்றுள் முதல் விதி ஆராயத்தக்கது. பத்துப் பேருடன் புறப்படும் பேருந்து அன்றைய நாளில் இழப்பையே தரும். புறப்படும் நேரத்தை நடத்துநரின் விருப்பத்துக்கு விட்டால், அவர் நிறுவனத்துக்கு நன்மை செய்வதாக எண்ணியே காத்திருப்பார். காத்திருக்க வேண்டா என்று சொல்லக்கூடியவர் உரிமையாளர் ஒருவரே; அவ்விழப்பை ஏற்க வேண்டியவரும் அவரே. தலைமை தன் வருவாயில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்து ஒரு விதியைக் காக்கும்போது, அவ்விதி வெறும் அறிவிப்பன்று என்பதைப் பணியாளர்கள் உணர்கின்றனர். அதே வேளையில், அந்தப் பேருந்து நிச்சயம் வரும் என்று நம்பும் பயணி மறுநாளும் அதற்காகவே காத்திருப்பார். நீண்டகால நோக்கில் இவ்வொழுங்கு நட்டத்தைத் தரவில்லை என்பதை நிறுவனத்தின் வளர்ச்சி காட்டியது.

போர்க்காலம்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோல் பங்கீட்டு முறை வந்தது. 1942 இல் மலாயா சப்பானியர் வசமானபின் இயற்கை இரப்பருக்கும் பெருந்தட்டுப்பாடு ஏற்பட்டது. பேருந்து நிறுவனங்கள் வண்டிகளை நிறுத்தி வைக்கவோ, கள்ளச் சந்தையில் எரிபொருள் வாங்கவோ நேர்ந்த காலம் அது.

சுந்தரம் ஐயங்கார் வேறு வழியை நாடினார். டி. வி. எஸ். எரிவளிக்கலன் என்னும் கருவியை வடிவமைத்து உருவாக்கினார். கரியைப் போதிய காற்றில்லாமல் எரியச் செய்தால் கார்பன் மோனாக்சைடு கலந்த எரிவளி கிடைக்கும். அதனைக் குளிர்வித்து, தூசி நீங்க வடிகட்டி, பெட்ரோலுக்கு மாற்றாக உந்துபொறிக்குள் செலுத்தலாம். இக்கலன் பேருந்தின் பின்புறம் பொருத்தப்பட்டது. புறப்படும் முன் கரியை மூட்டிக் காற்றடித்துச் சூடாக்க வேண்டும். உந்துபொறியின் ஆற்றலும் பெட்ரோலில் கிடைப்பதைவிடக் குறைவு. ஆயினும் உள்நாட்டில் கிடைக்கும் மரக்கரியைக் கொண்டு பேருந்துகள் தொடர்ந்து ஓட இது வழிசெய்தது.

தேய்ந்த சக்கர உறைகளுக்குப் புதிய இரப்பர்ப் பட்டை இட்டு மீண்டும் பயன்படுத்தும் தொழிற்சாலையையும் இவர் ஏற்படுத்தினார். இவ்விரு முயற்சிகளும் டி. வி. எஸ். நிறுவனத்தைப் போக்குவரத்திலிருந்து உற்பத்தித் தொழிலுக்கு இட்டுச் சென்ற முதற்படிகள் ஆகும்.

தொழிலாளர் நலன்

சுந்தரம் ஐயங்காரின் காலத்திலும், அவரைத் தொடர்ந்த மகன்களின் காலத்திலும், பணியாளர்களுக்கான குடியிருப்பு, பள்ளி, மருத்துவமனை ஆகியன மதுரையில் உருவாயின. மதுரையின் டி. வி. எஸ். நகர் என்னும் குடியிருப்புப் பகுதி இந்நிறுவனத்தின் பெயரைத் தாங்கியுள்ளது. தந்தை பணியாற்றிய இடத்தில் மகனும் பணியில் சேர்வது இந்நிறுவனத்தில் வழக்கமாக இருந்ததால், பல குடும்பங்கள் இரண்டு மூன்று தலைமுறைகளாக இதனோடு தொடர்புடையனவாக இருந்தன.

இந்நலத்திட்டங்களுக்கும் முன்சொன்ன ஒழுங்குக்கும் தொடர்பு உண்டு. குடும்பத்தின் மருத்துவச் செலவுக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் வழி இருக்கும் நடத்துநருக்குப் பயணச்சீட்டுப் பணத்தில் கைவைக்க வேண்டிய நெருக்கடி குறைவு. அவ்வாறு செய்து பிடிபட்டால் அவர் இழப்பதோ மிக அதிகம். நேர்மையை எதிர்பார்க்கும் நிறுவனம், நேர்மையாக வாழ்வதற்கு வேண்டிய நிலையையும் பணியாளருக்கு ஏற்படுத்தித் தர வேண்டும் என்னும் பாடம் இதில் அடங்கியுள்ளது.

மகள் சௌந்தரம்

சுந்தரம் ஐயங்கார் - இலட்சுமி அம்மாள் இணையரின் மகள் டி. எஸ். சௌந்தரம் (1904 - 1984). அக்கால வழக்கப்படி இவருக்கு இளம் வயதிலேயே திருமணம் நடந்தது. மருத்துவரான கணவர் இறந்ததால் இவர் இளமையிலேயே கைம்பெண் ஆனார். கட்டுப்பாடுகள் மிகுந்த வைணவக் குடும்பங்களில் கைம்பெண்கள் வீட்டுக்குள் ஒடுங்கியிருந்த காலம் அது. சௌந்தரமோ பெற்றோரின் ஆதரவுடன் மீண்டும் படிப்பைத் தொடர்ந்தார். தில்லியில் உள்ள லேடி ஆர்டிங்கு மருத்துவக் கல்லூரியில் பயின்று 1936 இல் மருத்துவப் பட்டம் பெற்றார்.

தில்லியில் சுசீலா நய்யார் வழியாகக் காந்திய இயக்கத்தோடு சௌந்தரத்துக்குத் தொடர்பு ஏற்பட்டது. காந்தியத் தொண்டரான ஜி. இராமச்சந்திரனை மணக்க அவர் விரும்பினார். இது கைம்பெண் மறுமணம் மட்டுமன்றிச் சாதி கடந்த திருமணமும் ஆகும். தொடக்கத்தில் குடும்பத்தில் இதற்கு எதிர்ப்பு இருந்தது. காந்தியின் வாழ்த்துடன் 1940 இல் இத்திருமணம் நடைபெற்றது. இவ்விணையர் 1947 இல் திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தை நிறுவினர். சௌந்தரம் பின்னர் சட்டமன்ற உறுப்பினராகவும், நாடாளுமன்ற உறுப்பினராகவும், நடுவண் அரசின் கல்வித் துறைத் துணை அமைச்சராகவும் பணியாற்றினார். 1962 இல் பத்ம பூசண் விருது பெற்றார்.

தொழிலில் துணிந்து வழக்கத்தை மீறிய சுந்தரம் ஐயங்காருக்கு, வீட்டில் வழக்கத்தை மீறுவது அதனினும் கடினமாக இருந்தது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது. மகளின் கல்விக்குத் துணைநின்ற அதே குடும்பம், அவருடைய மறுமணத்தின்போது தயங்கியது.

தலைமை மாற்றம்

சுந்தரம் ஐயங்கார் நிறுவனப் பொறுப்பைத் தம் வாழ்நாளிலேயே மகன்களிடம் ஒப்படைத்து ஓய்வு பெற்றார். டி. எஸ். இராஜம், டி. எஸ். துரைசாமி, டி. எஸ். சந்தானம், டி. எஸ். சீனிவாசன், டி. எஸ். கிருட்டிணா ஆகிய ஐவரும் இவருடைய மகன்கள் ஆவர். பின்னாளில் இராஜம், சந்தானம், சீனிவாசன், கிருட்டிணா ஆகிய நால்வரின் குடும்பங்கள் குழுமத்தின் நான்கு கிளைகளாக அமைந்தன.

குடும்ப நிறுவனங்களில் தலைவர் மறைந்தபின் எழும் பூசல்களே பெரும்பாலும் நிறுவனத்தைச் சிதைக்கின்றன. தாம் இருக்கும்போதே பொறுப்பைப் பகிர்ந்தளித்ததால், ஒவ்வொரு மகனும் ஒரு துறையை வளர்க்கவும், கூட்டுப் பெயரின் மதிப்பை அனைவரும் காக்கவும் இயன்றது. 1954 இல், சுந்தரம் ஐயங்கார் உயிருடன் இருந்தபோதே, டி. எஸ். சந்தானம் சுந்தரம் பைனான்சு நிறுவனத்தை 2 இலட்சம் ரூபாய் முதலீட்டில் தொடங்கினார். சரக்குந்து வாங்க விரும்பிய, ஆனால் வங்கிக் கடன் எளிதில் கிட்டாத சிறு உரிமையாளர்களுக்கு அது கடன் வழங்கியது.

மறைவு

சுந்தரம் ஐயங்கார் ஏப்ரல் 28, 1955 அன்று கொடைக்கானலில் உள்ள தம் இல்லத்தில் காலமானார். அப்போது அவருக்கு வயது 78.

மறைவுக்குப் பின் நிறுவனம்

1960களில் வீல்ஸ் இந்தியா, லூக்காஸ் டி. வி. எஸ்., பிரேக்ஸ் இந்தியா, சுந்தரம் கிளேட்டன், சுந்தரம் பாசனர்ஸ் முதலிய வாகன உதிரிப்பாக நிறுவனங்கள் தொடங்கப்பட்டன. 1970களின் தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு பெரிய தனியார் பேருந்து நிறுவனங்களை நாட்டுடைமையாக்கியது. மதுரையில் டி. வி. எஸ். பேருந்துகளைக் கொண்டு பாண்டியன் போக்குவரத்துக் கழகம் உருவாயிற்று. நிறுவனம் தான் தோன்றிய தொழிலையே இழந்தது. எனினும் அதற்குள் உற்பத்தித் தொழிலில் வேரூன்றியிருந்ததால் அது தளரவில்லை.

தரக் கட்டுப்பாட்டுக்காகச் சப்பானில் வழங்கப்படும் டெமிங் விருதை 1998 இல் சுந்தரம் கிளேட்டனும், 2002 இல் டி. வி. எஸ். மோட்டார் நிறுவனமும் பெற்றன. குறையுள்ள பொருளை அடுத்த நிலைக்கு அனுப்பாதிருத்தல், தவற்றை மறைக்காமல் உடனே தெரிவித்தல் ஆகியன இத்தர முறையின் அடிப்படைகள். பழுதாகும் முன்பே பேருந்தைப் பராமரித்த பணிமனை வழக்கத்தின் தொடர்ச்சியாக இதனைக் காண்போர் உண்டு.

குடும்பக் கிளைகளுக்கு இடையே உரிமைகளைப் பிரித்துக்கொள்ளும் உடன்பாடு 2022 இல் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் ஒவ்வொரு கிளையும் தான் நடத்தும் நிறுவனங்களுக்குத் தானே உரிமையாயிற்று.

மதிப்பீடு

சுந்தரம் ஐயங்காரின் தலைமை முறையைத் தந்தைவழி நிருவாகம் எனலாம். தொழிலாளரைக் குடும்பத்தினர் போல நடத்துவது இம்முறையின் சிறப்பாகும். அதன் குறைகளும் கருதத்தக்கன. நலன்கள் உரிமைகளாக அன்றி உரிமையாளரின் நல்லெண்ணமாக வழங்கப்படும்போது, அந்நல்லெண்ணம் மாறினால் தொழிலாளருக்குப் பற்றுக்கோடு இல்லை. தொழிற்சங்கமும் சட்டமும் இவ்விடத்தில்தான் தேவையாகின்றன. பணியாளரின் பிள்ளைகளுக்கே முன்னுரிமை தருவது உள்ளிருப்போருக்கு நன்மையாகவும், வெளியே வேலை தேடும் பிற சமூகத்தவருக்கு அடைத்த கதவாகவும் அமையக்கூடும். மேலும், தொழிற் பொறுப்புகள் யாவும் மகன்களுக்கே சென்றன. தந்தைக்கு நிகராகப் பொதுவாழ்வில் சாதனை புரிந்த மகளின் பணிகள் நிறுவனத்துக்கு வெளியேயே அமைந்தன.

ஆயினும் ஒரு பெரிய நிறுவனத்தின் அறம் அதன் விதிப் புத்தகத்தில் இல்லை, தலைவர் எந்த இழப்பை ஏற்க முன்வருகிறார் என்பதில்தான் உள்ளது என்பதற்கு இவருடைய வாழ்க்கை சான்றாக உள்ளது. இவர் நடத்திய பேருந்துகள் வேறு பெயரில் அரசுடைமையாகி அரை நூற்றாண்டு கடந்த பின்னும், மதுரைப் பகுதி முதியோர் நினைவில் அவற்றின் நேரந்தவறாமை நிலைத்திருப்பது குறிப்பிடத்தக்கது.

இவற்றையும் பார்க்க

- திருக்குறுங்குடி
- டி. எஸ். சௌந்தரம்
- காந்திகிராமம்
- வ. உ. சிதம்பரம் பிள்ளை
- சுதேசி நீராவிக் கப்பல் நிறுவனம்